பாயில் ஒரு கழுத்து, நாற்காலியில் ஒரு கழுத்து

எங்கள் வீட்டு பி.பி. கருவி போன மாதம் முழுக்க மாமாவின் கையில் இருந்ததைவிட என் கழுத்துக்கு அடியில்தான் அதிக நேரம் இருந்தது. டயல் வைத்த பழைய கருவி, ரப்பர் பல்பை அமுக்கிக் காற்றடிக்கிற ரகம். "பிரஷர் உனக்கா எனக்கா?" என்று மாமா இரண்டு தடவை கேட்டுவிட்டார். எனக்கு பிரஷர் இல்லை. கழுத்துதான் பிரச்சினை. அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளும், முதுகை ஒரு தரம் நிமிர்த்திக்கொண்டு படியுங்கள். (இப்போது நிமிர்ந்தீர்கள் அல்லவா? அதைப் பற்றியும் பின்னால் வருகிறது.)

பதினோரு வருடமாக வீட்டிலிருந்தே மெய்ப்புத் திருத்துகிற வேலை. சாப்பாட்டு மேசையில் லேப்டாப், பக்கத்தில் அச்சுத்தாள், இருக்க வேண்டியதைவிட ஒரு சாண் திரைக்குக் கிட்டத்தில் தலை. முதலில் பிடரியில் ஒரு கனம். பிறகு மண்டை ஓட்டின் விளிம்பிலிருந்து புருவம் வரை ஒற்றைப் பக்கமாக ஏறும் தலைவலி. ஒரு கல்யாண வீட்டில் யாரோ பக்கவாட்டில் எடுத்த படத்தைப் பார்த்தபோதுதான், மற்றவர்கள் வருவதற்கு முன்பே என் முகம் பந்திக்குப் போய்ச் சேர்ந்திருப்பது தெரிந்தது. காது தோளுக்கு நேர்மேலே இருக்க வேண்டுமாம். என் காது நாலு விரற்கடை முன்னால் நின்றது.

எல்லோரையும் போல நானும் முதலில் யூடியூபில் தேடினேன். தேடினால் அந்த 27 கிலோ படம் தப்பாமல் வரும். நேராக நிற்கும்போது தலையின் எடை ஐந்து கிலோ போல, 60 பாகை குனிந்தால் கழுத்தெலும்பில் 27 கிலோ. அமெரிக்க முதுகெலும்பு அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்த எண் அது. கணினி மாதிரியில் போட்ட கணக்கு. யாருடைய கழுத்திலும் கருவியை வைத்து அளந்தது கிடையாது. கணக்கு தப்பென்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் படத்தைக் காட்டிப் பெல்ட்டும் தலையணையும் விற்கிறவர்கள் இந்த வித்தியாசத்தைச் சொல்வதில்லை. தலை முன்னால் நிற்கிற எல்லோருக்கும் வலி வருவதும் இல்லை. வயதுவந்தவர்களிடம் இரண்டுக்கும் ஓரளவு தொடர்பு தெரிகிறது, பதின்வயதுப் பிள்ளைகளிடம் அதுகூடத் தெளிவாக இல்லை என்று 2019இல் வந்த ஒரு தொகுப்பாய்வு சொல்கிறது. ஆகையால் பிள்ளையின் போனைப் பிடுங்க வேறு காரணம் தேடிக்கொள்ளுங்கள்.

வீடியோக்கள் எல்லாம் கடைசியில் வந்து நிற்பது ஒரே பயிற்சியில்தான். மோவாயை உள்ளே இழுப்பது. 'சின் டக்' என்கிறார்கள். தலையைக் கவிழ்க்காமல், அண்ணாந்து பார்க்காமல், முகத்தை அப்படியே, மேசை இழுப்பறையை உள்ளே தள்ளுவதுபோலப் பின்னுக்கு நகர்த்த வேண்டும். வலி விடாததால் ஒரு சிகிச்சை நிலையத்துக்கும் போனேன். பத்துப் படம் அச்சடித்த ஒரு தாளை நீட்டி, "தினமும் மூணு வேளை, பத்துப் பத்துத் தடவை" என்று அனுப்பிவிட்டார்கள். அதிலும் முதல் படம் இதேதான். நாலு மாதம் விடாமல் செய்தேன். நாற்காலியில் உட்கார்ந்து, வேலைக்கு நடுவில், லேப்டாப் முன்னாலேயே. தலைவலி கூடியது. தொண்டைக்குழியின் இரண்டு பக்கமும் கயிறு கயிறாக ஏதோ விறைத்தது. பயிற்சி போதவில்லை போலிருக்கிறது என்று பத்தை இருபதாக்கினேன்.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பெண் சின்னதாக பிசியோதெரபி அறை வைத்திருக்கிறாள். இருபத்தெட்டு வயதிருக்கும். செய்து காட்டச் சொன்னாள், காட்டினேன். சிரிக்கவில்லை, அதற்கே அவளுக்கு ஒரு நன்றி.

"அக்கா, பயிற்சி சரிதான். இடம் தப்பு."

"கழுத்துலதானேம்மா செய்யறேன்?"

"கழுத்து சரி. உடம்பை எங்கே வச்சுச் செய்யறீங்க? கூன் போட்டு உட்கார்ந்துகிட்டுத் தலையை மட்டும் பின்னால இழுக்கறீங்க. அது எங்கே போகும்?"

நீங்களும் இப்போதே பார்த்துவிடலாம். நாற்காலியில் நன்றாகச் சரிந்து, இடுப்பைப் பின்பக்கம் உருட்டி, மேல்முதுகைக் கூனாக்கி உட்காருங்கள். அப்படியே தலையை வலப்பக்கம் திருப்பி, எதுவரை பார்க்க முடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பிட்டத்துக்கு அடியில் ஒரு போர்வையை மடித்து வைத்து, இடுப்பெலும்பு சற்று முன்னால் சாய்கிற மாதிரி நிமிர்ந்து திரும்பவும் திருப்புங்கள். சரிந்து உட்கார்ந்தபோது கதவோடு நின்ற பார்வை இப்போது ஜன்னல் வரை போகும். கழுத்தில் நீங்கள் எதுவும் செய்யவில்லை, அடியில் இருந்ததைத்தான் மாற்றினீர்கள்.

முதுகு கூனினால் முகம் தரையைத்தான் பார்க்கும். ஆனால் கண்ணுக்கு நேரே பார்த்தாக வேண்டும். அதனால் கழுத்தின் கீழ்ப்பாதி முன்னால் சாய்ந்தே நிற்க, மேல்பாதி மட்டும் பின்னுக்கு மடிந்து முகத்தைத் தூக்கிக் கொடுக்கிறது. பிடரியில் மண்டை ஓட்டுக்குக் கீழே இருக்கும் குட்டித் தசைகள் சுருங்கியே கிடப்பது இதனால்தான். அடித்தளம் இப்படி இருக்கும்போது மோவாயை இழுத்தால், பின்னால் போக இடமில்லாத கழுத்து நடுவில் எங்கோ முட்டிக்கொண்டு நிற்கும். இடுப்பை நிமிர்த்தி உட்காரும்போது ஆழத்தில் இருக்கும் தசைகள் கூடுதலாக வேலை செய்வதை உட்கார்ந்த நிலை ஆய்வுகளில் மின்முனை வைத்துப் பார்த்தே இருக்கிறார்கள். சம்மணம் போட்டு உட்காருகிறவர்களுக்கும் இதே கதைதான். தொடை மூட்டு இறுகியிருந்தால் முட்டி மேலே நிற்கும், இடுப்பு பின்னால் உருளும், முதுகு வளையும், தலை முன்னே போகும். யோகா ஆசிரியர்கள் மடித்த போர்வையைக் கொடுப்பது சொகுசுக்காக அல்ல.

அந்தப் பெண் அன்றைக்கு என்னை உட்காரவே விடவில்லை. மல்லாக்கப் படுக்கவைத்து, முட்டியை மடக்கிப் பாதத்தைக் கட்டிலில் ஊன்றச் சொன்னாள். பி.பி. கருவியின் துணிப்பட்டையை மடித்துக் கழுத்து வளைவுக்கு அடியில், மண்டை ஓட்டை ஒட்டினாற்போல் செருகி, முள் 20க்கு வரும்வரை காற்றடித்தாள். டயலை என் கையில் கொடுத்துவிட்டாள்.

"தலையைத் தூக்காதீங்க, கட்டில்ல அழுத்தவும் அழுத்தாதீங்க. ரொம்பச் சின்னதா 'ஆமாம்'னு ஒரு தலையாட்டல். முள்ளை 22க்குக் கொண்டுவந்து பத்து எண்ணுங்க."

22 வந்தது. 24ம் வந்தது. 26 என்றாள். முள் ஒரே துள்ளலில் 40ஐத் தாண்டிவிட்டது. பின்மண்டையால் கட்டிலைத் தள்ளியிருக்கிறேன். அடுத்த முறை தள்ளாமல் முயன்றபோது, காதுக்குப் பின்னாலிருந்து நெஞ்செலும்புக்கு இறங்குகிற அந்தக் கயிறு இரண்டு பக்கமும் புடைத்தது. தொட்டுக் காட்டினாள். ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்ட் என்று பேராம். நாலு மாதமாக நான் உழைத்து உழைத்து வளர்த்தது இவரைத்தான்.

உள்ளே, கழுத்தெலும்புகளின் முன்பக்கத்தை ஒட்டியபடி இரண்டு ஜோடி மெல்லிய தசைகள் ஓடுகின்றன. லாங்கஸ் கோலி, லாங்கஸ் கேப்பிட்டிஸ். கழுத்தின் ஏழு எலும்பையும் முன்னாலிருந்து தாங்கிப் பிடிப்பது இவற்றின் வேலை. கழுத்துவலிக்காரர்களிடம் இவை மந்தமாகி, வெளியே இருக்கிற பெரிய தசைகள் அந்த வேலையையும் சேர்த்து இழுத்துப்போட்டுக்கொள்ளும். இந்தத் துணிப்பட்டைச் சோதனையை உருவாக்கியது ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்து க்வென் ஜல்லும் அவருடைய குழுவினரும். அவர்கள் இதற்கென்றே செய்த கருவியை வைத்து 20இல் தொடங்கி, இரண்டிரண்டாக 30 வரை ஏற்றுவார்கள். தலையாட்டும்போது கழுத்தின் வளைவு ஒரு இழை தட்டையாகிப் பட்டையை அமுக்குகிறது. அந்த ஒரு இழையைத்தான் முள் காட்டுகிறது. என்னுடையதைப் போலக் கழுத்திலிருந்து கிளம்பும் தலைவலிக்கு, 200 பேரை வைத்து அந்தக் குழு நடத்திய சோதனை 2002இல் வெளிவந்தது. ஆறு வாரம் இந்தப் பயிற்சி செய்தவர்களுக்குத் தலைவலி நன்றாகவே குறைந்திருந்தது.

ஏன் படுத்துச் செய்ய வேண்டும்? இதற்கு அவள் சொன்ன பதில்தான் எனக்கு எல்லாவற்றையும் புரியவைத்தது. "பஸ்ல தூங்கறவங்க தலை எந்தப் பக்கம்க்கா விழும்?" முன்பக்கம்தான். தலையின் எடை கழுத்து மூட்டுக்குக் கொஞ்சம் முன்னால்தான் குவிந்திருக்கிறது. ஆகவே விழித்திருக்கிற நேரமெல்லாம் பிடரித் தசைகள் அதைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டே இருக்கின்றன. மல்லாந்து படுத்தால்தான் அந்த ஐந்து கிலோவைக் கட்டில் வாங்கிக்கொள்ளும், பெரிய தசைகளுக்கு விடுப்பு கிடைக்கும். அந்த அமைதியில்தான் உள்ளே இருக்கும் மெல்லிய தசைகளைத் தனியாக எழுப்ப முடியும். புவியீர்ப்பும் தலையைக் கட்டில் பக்கமாக, அதாவது நாம் விரும்புகிற பின்பக்கமாகவே, இழுக்கிறது. வேலை எளிது, அதனால் நுணுக்கத்தில் கவனம் வைக்கலாம்.

அதே மல்லாந்த நிலையில் தலையை ஒரு அங்குலம் தூக்கிப் பாருங்கள், பயிற்சியே வேறாகிவிடும். இப்போது மொத்தத் தலையையும் முன்கழுத்துதான் தூக்க வேண்டும். மோவாயை மடித்தபடி தூக்கினால் நல்ல பலப் பயிற்சி. மோவாய் கூரையைப் பார்க்க எழும்பியதோ, திரும்பவும் அந்தக் கயிறுகளின் ராஜ்ஜியம்தான். எனக்கு ஐந்தாம் வாரம் வரை அனுமதி கிடைக்கவில்லை.

குப்புறப் படுத்தால் எல்லாமே தலைகீழ். தலை முன்னால் போவதென்றால் தரையை நோக்கிப் போவது. நெற்றியை மடித்த துண்டின் மேல் வைத்து, மோவாயை உள்ளிழுத்தபடி ஒரு அங்குலம் உயர்த்திப் பிடிக்கும்போது, அந்த ஐந்து கிலோவும் நம்மைத் தோற்கடிக்கிற திசையிலேயே தொங்கும். ஐந்து கிலோ அரிசிப் பையைக் கயிற்றில் கட்டிப் பிடிப்பது மாதிரி. பிடரியும் தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ள தசைகளும் சேர்ந்து உழைக்கும். முதல் நாள் ஆறு எண்ணுவதற்குள் தலை நடுங்கியது. உட்கார்ந்த இடத்தில் இருபது தடவை சுலபமாகச் செய்துகொண்டிருந்த அதே ஆள்தான் நான்.

நாலு காலில் தவழும் நிலையிலும் புவியீர்ப்பு அதே திசையில்தான். எனக்குப் பிடித்தது இதுதான், தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. முட்டி போட்டுத் தரை துடைக்கிறோம் இல்லையா, அந்த நேரத்தில் தலை தொங்கிக் கிடக்கும். நடுநடுவே துணியை வைத்துவிட்டு, இரண்டு கையாலும் தரையை லேசாகத் தள்ளி, தோள்பட்டை எலும்புகள் முதுகில் துருத்தாமல் படியவைத்து, தலையை முதுகின் நேர்கோட்டுக்குக் கொண்டுவருவேன். முகம் தரையைத்தான் பார்க்க வேண்டும். எதிரே இருக்கும் டி.வி.யைப் பார்த்தால் கழுத்து பழையபடி மடிந்துவிடும். கை ஊன்றியிருப்பதால் தோள்பட்டையைப் பிடித்து நிறுத்தும் தசைகளும் விழித்துக்கொள்கின்றன. செக்கோஸ்லோவாக்கியாவின் விளாடிமிர் யாண்டா என்ற மருத்துவர் அந்தக் காலத்திலேயே கழுத்துக்கும் தோளுக்கும் உள்ள இந்தத் தொடர்பைச் சிலுவைக் குறியாகப் போட்டுக் காட்டியிருக்கிறார். ஒரு கோட்டில் பிடரியும் மார்புத் தசையும் இறுகும், குறுக்குக் கோட்டில் முன்கழுத்தும் தோள்பட்டையின் கீழ்த் தசைகளும் தளரும். கழுத்தை மட்டும் தனியாகக் கவனித்தால் பாதி வேலைதான்.

கை என்றதும் இன்னொன்று. லெவேட்டர் ஸ்கேப்புலா என்ற தசை கழுத்தின் மேல் நாலு எலும்புகளிலிருந்து தோள்பட்டை எலும்புக்கு இறங்குகிறது. தோளைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்ட வார் மாதிரி. கை தொங்கினால் வார் இழுபடும். மடியில் இரண்டு தலையணை அடுக்கி, முழங்கையை அதன்மேல் வைத்துவிட்டுத் தலையைத் திருப்பிப் பாருங்கள். பலருக்கு உடனே இலகுவாகும். உட்கார்ந்தே பயிற்சி செய்ய வேண்டியிருந்தால் நான் இப்போது முதலில் செய்வது இந்த இரண்டும்தான்: பிட்டத்துக்கு அடியில் போர்வை, கைக்கு அடியில் தலையணை. அதற்கப்புறம்தான் மோவாய். பல்லைக் கடிக்கக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், நான் நாலு மாதமும் கடித்தேன்.

இனி அத்தை கதை. என் மாமியாருக்கு எழுபத்துநாலு வயது. அரிவாள்மணையில் உட்கார்ந்து ஐம்பது வருடம் காய் நறுக்கிய முதுகு. நான் பாயில் கிடப்பதைப் பார்த்து, "எனக்கும் ரெண்டு சொல்லித் தாயேன்" என்றார். மல்லாக்கப் படுக்கவைத்தேன். அவருடைய மேல்முதுகின் கூன் அப்படியே நிற்க, தலை தரையில் படவே இல்லை. அவராகத் தலையைத் தரையில் வைக்க முயன்றபோது மோவாய் கூரையைப் பார்த்துத் தூக்கிக்கொண்டது. கழுத்து பின்னால் ஒடிந்தாற்போல் மடிந்தது. ஃபேனைப் பார்க்க வேண்டிய கண் அதற்குப் பின்னால் இருந்த பரணைப் பார்த்தது. "தலை சுத்துது" என்றார். உடனே எழுப்பி உட்காரவைத்துவிட்டு அந்தப் பெண்ணுக்கு போன் போட்டேன்.

"அய்யோ அக்கா, அவங்களுக்கு அடியில துண்டு வைக்கணும். நெத்தியும் மோவாயும் ஒரே மட்டத்துல வர்ற வரைக்கும் மடிச்சு வைங்க. உங்க படுக்கை வேற, அவங்க படுக்கை வேற."

பூத்துவாலையை நாலாக மடித்தோம், போதவில்லை. இன்னொன்றையும் மேலே வைத்தோம். முகம் நேராக ஃபேனைப் பார்த்தது. அந்த நிலையில்தான் அவரால் அந்தச் சின்ன 'ஆமாம்' அசைவைச் செய்ய முடிந்தது. தோள் புதையும் மெத்தையில் இதெல்லாம் தெரியவே தெரியாது, கோரைப்பாயும் தரையும்தான் உள்ளதை உள்ளபடி சொல்லும். குப்புறப் படுப்பதோ நாலு காலில் நிற்பதோ அத்தைக்கு வேண்டாம் என்று அந்தப் பெண் கறாராகச் சொல்லிவிட்டாள், எலும்பு மெலிந்த வயது. சுவரோடு ஒட்டி நின்று பின்மண்டையைச் சுவரில் படவைக்கும் அந்தப் பிரபலமான பயிற்சியும் வேண்டாம். கூன் உள்ளவர்கள் சுவரைத் தொடுவதற்காக மோவாயைத்தான் தூக்குவார்கள். நேர்முதுகுக்காரர்களுக்கு நல்ல பயிற்சி, அத்தைக்கு அதுவே எதிர்வேலை.

இந்த மோவாய் இழுப்பை உலகம் முழுக்கப் பரப்பியவர்களில் முக்கியமானவர் நியூசிலாந்தின் ராபின் மெக்கன்சி. அவர் பாதையே ஒரு படுக்கைத் தவறில்தான் தொடங்கியது. 1956, வெலிங்டன். கால் வரை இறங்கும் முதுகுவலியோடு வந்த ஒருவரைப் படுக்கச் சொல்லிவிட்டு மெக்கன்சி வேறு வேலையாகப் போயிருக்கிறார். முந்தைய நோயாளிக்காகக் கட்டிலின் ஒரு பாதி தூக்கி வைக்கப்பட்டிருந்தது. வந்தவர் அதைக் கவனிக்காமல் அதிலேயே குப்புறப் படுத்துவிட்டார், முதுகு பின்பக்கம் நன்றாக வளைந்தபடி. திரும்பி வந்து பார்த்த மெக்கன்சிக்குப் பகீரென்றிருக்கிறது, அந்தக் காலத்தில் அது செய்யவே கூடாத நிலை. அவரோ, கால்வலி போய்விட்டது, இத்தனை வாரத்தில் இதுதான் நல்ல நிலை என்றாராம். எந்த நிலையில் வலி குறைகிறது, எந்த நிலையில் கூடுகிறது என்று பார்த்துப் பார்த்து மெக்கன்சி ஒரு முறையையே உருவாக்கினார். அவர் வழியிலும் கழுத்துப் பயிற்சியை உட்கார்ந்து செய்யும்போது சரிவராவிட்டால் படுக்கவைத்துப் பார்ப்பார்கள்.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கை மரத்துப்போவது, பிடித்த பொருள் நழுவுவது, நடை தடுமாறுவது, சிறுநீர் கட்டுப்பாட்டில் மாற்றம், கீழே விழுந்து அடிபட்ட பிறகு வந்த கழுத்துவலி, இவற்றில் எது இருந்தாலும் பாயையும் துண்டையும் தேட வேண்டாம், மருத்துவரைத் தேடுங்கள். எந்த நிலையில் செய்தாலும் வலி கைப்பக்கம் இறங்கினால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

எட்டு வாரமாகிறது. இரவில் விளக்கணைப்பதற்கு முன் பாயில் பத்துத் தடவை, காலையில் தரை துடைக்கும்போது நாலைந்து தடவை, குப்புறப் படுத்து வாரத்தில் மூன்று நாள். நாற்காலியில் மிகக் குறைவு. தலைவலி வாரத்துக்கு நாலிலிருந்து ஒன்றாகியிருக்கிறது. வேலை நெருக்கும் வாரத்தில் இரண்டு. பக்கவாட்டுப் படம் எடுத்துப் பார்த்தேன், காது இன்னும் முன்னால்தான் நிற்கிறது. இரண்டு விரற்கடையாவது குறைந்திருக்கிறதென்று நான் சொல்கிறேன், மகள் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாள்.

முள் இப்போது 28ல் பத்து எண்ணும்வரை ஆடாமல் நிற்கிறது. 30க்கு இன்னும் போகவில்லை. நேற்று கருவியை மாமாவிடம் திருப்பிக் கொடுக்கலாமென்று அலமாரியைத் திறந்தால் காணோம். கூடத்தில் அத்தை பாயில் படுத்திருந்தார், ஃபேனைப் பார்த்தபடி. டயல் அவர் கையில்.